விழித்திரைக்கு மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்கள்

வைட்டமின் ஏ குறைவினால் மாலைக்கண் தோன்றும் என்பது பள்ளிப் பாடநூல்களிலேயே இடம்பெற்ற செய்தி. அக்குறைவைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1970-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. அது முதல் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் புகட்டுவது ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழக்கமான பணிகளுள் ஒன்றாகிவிட்டது. ஆனால் உடலில் வைட்டமின் ஏ போதிய அளவு இருந்தும், அந்தி சாய்ந்தவுடன் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் குழந்தைகளும் உண்டு. எத்தனை முறை திரவம் புகட்டினாலும் இவர்களுக்குப் பார்வை திரும்புவதில்லை. இவர்களிடம் குறைந்திருப்பது உணவன்று. உணவிலிருந்து வரும் பொருளைக் கண்ணுக்குள் பக்குவப்படுத்தும் ஒரு புரதம். அப்புரதத்தை ஆக்கும் மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட நிலையில் வந்திருக்கிறது.

இத்தகைய குழந்தையின் கண்ணுக்குள், பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸின் உடற்கூட்டில் ஏற்றி அனுப்பும் சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. பரம்பரை நோய் ஒன்றுக்காக உடலுக்குள் நேரடியாகச் செலுத்தப்பெறும் மரபணு மருந்துக்கு அந்நாட்டில் வழங்கப்பெற்ற முதல் ஒப்புதல் அதுவே. அம்மருந்தின் பெயர் லக்ஸ்டர்னா. அது எவ்வாறு வேலை செய்கிறது, எவருக்குப் பயன்படும், எவருக்குப் பயன்படாது என்பவற்றை அறிந்துகொண்டால்தான், நம் நாட்டில் இத்துறைக்குச் செலவிடப்பெறும் பொதுப்பணம் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண இயலும்.

சக்கரம் நின்ற இடம்

விழித்திரையில் ஒளியை உணர்பவை குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஆகும். மங்கிய ஒளியில் குச்சி செல்களும், பகல் வெளிச்சத்திலும் நிறங்களை அறிவதிலும் கூம்பு செல்களும் பணிபுரிகின்றன. இவற்றுள் உள்ள ஒளியுணர் புரதத்தோடு வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் இணைந்திருக்கிறது. வளைந்த வடிவில் இருக்கும் ரெட்டினால், ஒளி பட்டவுடன் நிமிர்ந்து நேராகிறது. அந்த நிமிர்வே பார்வையின் முதற்படி. நேரான ரெட்டினால் மீண்டும் ஒளியை உணராது. அதை மறுபடியும் வளைத்துத் தந்தாக வேண்டும்.

இந்த வளைக்கும் வேலை, ஒளியுணர் செல்களுக்குப் பின்னால் ஒரே அடுக்காக அமைந்துள்ள நிறமிச் செல்களில் நடைபெறுகிறது. அங்கே இவ்வேலையைச் செய்யும் நொதியின் பெயர் ஆர்.பி.ஈ.65. அந்நொதி இல்லையேல் சக்கரம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். உணவில் கீரையும் பாலும் எவ்வளவு இருந்தாலும், குச்சி செல்களுக்கு வேண்டிய வளைந்த ரெட்டினால் கிட்டாது. ஆர்.பி.ஈ.65 மரபணுவின் பழுதுக்கும் பிறவிக் குருட்டுக்கும் உள்ள தொடர்பு 1997-இல் நிறுவப்பெற்றது. பிறந்த சில மாதங்களிலேயே பார்வை மிகக் குன்றியிருக்கும் லீபர் பிறவிப் பார்வையின்மை என்னும் நோய்த் தொகுதியில் இது ஒரு வகை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்நோயில் ஒளியுணர் செல்கள் உடனே மடிந்துவிடுவதில்லை. வேலையின்றி, ஆனால் உயிரோடு, பல ஆண்டுகள் இருக்கின்றன. பின்னர் சிறிது சிறிதாக அழிகின்றன. எனவே சிகிச்சைக்கு ஒரு கால இடைவெளி கிடைக்கிறது. அதே காரணத்தால் அந்த இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் சுருங்கிக்கொண்டும் வருகிறது.

கண் முதலில் தெரிவு செய்யப்பெற்றது ஏன்?

மரபணு சிகிச்சையின் வரலாறு இரண்டு துயர நிகழ்ச்சிகளை மறைக்காமல் சொல்லியாக வேண்டிய வரலாறு. 1999 செப்டம்பரில், அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற சோதனையொன்றில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். அவருடைய கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி அடினோ வைரஸ் துகள்கள் செலுத்தப்பெற்றிருந்தன. உடலின் எதிர்ப்பாற்றல் புயலெனச் சீறி எழுந்து உறுப்புகளைச் செயலிழக்கச் செய்தது. அடுத்து, பாரிஸ் நகரில் கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாட்டுக்கு மரபணு சிகிச்சை பெற்றுத் தேறிவந்த குழந்தைகளுள் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் தோன்றியது 2002-இல் தெரியவந்தது. அங்கே பயன்படுத்தப்பெற்ற ரெட்ரோ வைரஸ், தான் சுமந்து சென்ற மரபணுவை நோயாளியின் குரோமோசோமில், புற்றுநோயைத் தூண்டவல்ல ஓர் இடத்தருகே செருகிவிட்டிருந்தது.

முதல் நிகழ்ச்சி மருந்தின் அளவும் எதிர்ப்பாற்றலும் பற்றியது; இரண்டாவது, மரபணு எங்கே போய் அமர்கிறது என்பது பற்றியது. இவ்விரண்டு இடர்களையும் குறைப்பதற்குக் கண்ணைப் போன்று ஏற்ற உறுப்பு வேறில்லை. கண் சிறிய, மூடிய ஓர் அறை. எனவே மிகக் குறைந்த அளவே போதும். இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையே இயற்கையான தடுப்பு ஒன்று இருப்பதால், செலுத்திய பொருள் உடலெங்கும் பரவுவது குறைவு. உடலின் எதிர்ப்பு வேகமும் அங்கே மட்டுப்பட்டிருக்கிறது. கண் ஒளி புகும் உறுப்பு ஆதலால், உள்ளே நடப்பதை மருத்துவர் கருவி கொண்டு நேரடியாகப் பார்க்கலாம். ஒரு கண்ணுக்குச் சிகிச்சை அளித்து மற்றொன்றோடு ஒப்பிடவும் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழித்திரையின் செல்கள் பிறப்புக்குப் பின் பெருகுவதில்லை. பெருகும் செல்லில் குரோமோசோமோடு இணையாத மரபணு ஒவ்வொரு பிரிவிலும் நீர்த்துப்போகும். பெருகாத செல்லில் அது இருந்த இடத்திலேயே பல்லாண்டுகள் இருக்கும். ஆகவே குரோமோசோமில் செருக வேண்டிய அவசியமே எழுவதில்லை.

ஒரு துணை வைரஸ்

இப்பணிக்குத் தெரிவு செய்யப்பெற்றது அடினோ சார்ந்த வைரஸ். ஆய்வுக்கூடங்களில் இதைச் சுருக்கமாக ஏ.ஏ.வி. என்பர். 1965-இல் அடினோ வைரஸ் வளர்ப்பில் கலந்திருந்த ஒரு மாசாகவே இது முதலில் கண்டறியப்பெற்றது. தானாகப் பெருகும் ஆற்றல் இதற்கில்லை. அடினோ வைரஸ் போன்ற மற்றொரு வைரஸ் உடனிருந்தால்தான் பெருகும். மனிதருக்கு நோய் எதனையும் இது உண்டாக்குவதாக நிறுவப்பெறவில்லை. குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 40,000 துகள்களை வரிசையாக அடுக்கலாம்.

இயற்கையான ஏ.ஏ.வி.-யின் மரபுப்பொருள் சுமார் 4,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை டி.என்.ஏ. அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, வைரஸின் சொந்த மரபணுக்கள் அனைத்தும் நீக்கப்பெறுகின்றன. அவ்விடத்தில் மனிதருக்கு வேண்டிய மரபணுவும், அதனை இயக்கும் தொடக்கப் பகுதியும் வைக்கப்பெறுகின்றன. முனைப் பகுதிகள் ஏன் தேவையெனின், இந்த டி.என்.ஏ.-வை உறைக்குள் அடைக்க வேண்டும் என்பதற்கான அடையாளக் குறி அவையே. உள்ளடக்கம் மாற்றப்பெற்ற இந்த வைரஸையே கடத்தி என்கிறோம். செல்லுக்குள் நுழையும் திறன் அதற்கு உண்டு. பெருகும் திறன் இல்லை.

கடத்தியைத் தயாரிக்கும் முறையும் அறியத்தக்கது. மனிதச் சிறுநீரகச் செல்லிலிருந்து வழிவழியாக வளர்க்கப்பெற்றுவரும் செல்களுக்குள் மூன்று டி.என்.ஏ. வளையங்கள் புகுத்தப்படுகின்றன. ஒன்றில், சுமக்கப்பட வேண்டிய மரபணு இருக்கும். இரண்டாவதில், வைரஸின் உறையை ஆக்கும் குறிப்புகள் இருக்கும். மூன்றாவதில், அடினோ வைரஸ் இயல்பாக அளிக்கும் உதவி மட்டும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். மூன்றும் ஒரே செல்லில் சேர்ந்தால் அச்செல் கடத்தித் துகள்களை உற்பத்தி செய்கிறது. பின்னர் செல்களை உடைத்துத் துகள்களைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துவர். இதில்தான் உண்மையான சிரமம் உள்ளது. பெரும்பகுதி உறைகள் உள்ளீடின்றி வெறுமையாகவே உருவாகின்றன. வெற்றுறைகள் நோயாளிக்குப் பயன் தராமல் எதிர்ப்பாற்றலை மட்டும் தூண்டக்கூடியவை. நிறைந்த உறையையும் வெற்றுறையையும் பிரித்தெடுப்பதும், ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் அமைவதை மெய்ப்பிப்பதும் செலவுமிக்க வேலைகள். மருந்தின் விலையைப் பற்றிப் பேசும்போது இதனை நினைவில் கொள்ள வேண்டும்; ஆனால் விலை முழுவதையும் இது விளக்கிவிடும் என்று கருதலாகாது.

ஏ.ஏ.வி. குடும்பத்தில் பல வகைகள் உண்டு. உறையின் மேற்பரப்பு மாறினால், எந்தச் செல்லுக்குள் நுழையும் என்பதும் மாறும். இரண்டாம் வகை நிறமிச் செல்களுக்குள் எளிதில் நுழைகிறது. ஐந்தாம், எட்டாம் வகைகள் ஒளியுணர் செல்களிலும் நன்கு செயல்படுகின்றன. செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே இழுக்கப்பெற்ற கடத்தி, உட்கருவை அடைந்து உறையைக் கழற்றுகிறது. ஒற்றை இழை இரட்டை இழையாகி, வளையமாக உருப்பெற்றுக் குரோமோசோமுக்கு வெளியே தங்குகிறது. அதன் பின்னரே புரதம் உற்பத்தியாகத் தொடங்கும்.

நாயிலிருந்து மனிதருக்கு

இச்சிகிச்சையின் முதல் பயனாளிகள் நாய்கள். பிரையார்டு என்னும் இன நாய்களில் ஆர்.பி.ஈ.65 மரபணுவின் நான்கு எழுத்துகள் விடுபட்டதனால் பிறவியிலேயே பார்வைக் குறைவு காணப்பெற்றது. இத்தகைய நாய்களுக்கு ஏ.ஏ.வி. வழியாக நல்ல மரபணுவைச் செலுத்தியபோது பார்வை மீண்டது. இம்முடிவு 2001-இல் வெளியாயிற்று. மனிதர் மீதான சோதனைகள் 2007-இல் இலண்டனிலும் அமெரிக்காவிலுமாக மூன்று குழுக்களால் தனித்தனியே தொடங்கப்பெற்றன. அவற்றுள் ஃபிலடெல்ஃபியாவில் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மேக்வயர், கேத்தரின் ஹை ஆகியோர் முன்னின்று நடத்திய பணியே பின்னர் மருந்தாக உருப்பெற்றது.

மருந்தைச் செலுத்துவது ஊசி போடுவது போன்ற எளிய செயலன்று. கண்ணின் நடுவிலுள்ள பளிங்குக் கூழை முதலில் அகற்றுகின்றனர். பின்னர் மிக நுண்ணிய குழலொன்றை விழித்திரையின் ஊடே செலுத்தி, அதற்கும் நிறமிச் செல் அடுக்குக்கும் இடையில் 0.3 மில்லிலிட்டர் திரவத்தை மெல்ல விடுகின்றனர். அவ்விடத்தில் விழித்திரை கொப்புளம்போல எழுந்து, பின்னர் திரவம் உறிஞ்சப்பெற்றுப் பழைய நிலையில் படிகிறது. அத்திரவத்தில் உள்ள கடத்திகளின் எண்ணிக்கை 15,000 கோடி. கெல்சிங்கருக்குச் செலுத்தப்பெற்றதோடு ஒப்பிடின் இது ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கு. வைரஸ் வகையும் வேறு என்பதால் இவ்வொப்பீட்டை அளவுக்கு மீறிக் கொள்ளலாகாது. எனினும் கண் எவ்வளவு சிறிய அளவோடு நிறைவடைகிறது என்பதை இது காட்டும். இரண்டாவது கண்ணுக்குக் குறைந்தது ஆறு நாட்கள் கழித்துச் சிகிச்சை அளிக்கப்பெறுகிறது. எதிர்ப்பாற்றலைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரைகளும் உடன் தரப்பெறுகின்றன.

பயன் எவ்வளவு?

இந்த மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. மொத்தம் 31 பேர் சேர்க்கப்பெற்றனர். அவர்களுள் 21 பேர் சிகிச்சைப் பிரிவிலும் 10 பேர் ஒப்பீட்டுப் பிரிவிலும் இருந்தனர். சிகிச்சை தொடங்குமுன்பே பிரிவுக்கு ஒருவராக இருவர் விலகினர். கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை இங்கே போதிய அளவுகோல் ஆகாது. ஏனெனில் இந்நோயாளிகளின் முதன்மையான துன்பம் மங்கிய ஒளியில் நடக்க இயலாமையே. ஆகவே, தரையில் அம்புக்குறிகளும் இடையிடையே தடைகளும் வைத்த ஒரு நடைபாதை அமைக்கப்பெற்றது. நிலவில்லாத கோடை இரவுக்கு ஒப்பான 1 லக்ஸ் ஒளி முதல், வெளிச்சமான அலுவலகத்துக்கு ஒப்பான 400 லக்ஸ் வரை ஒளியைப் படிப்படியாக மாற்றி, எந்த அளவில் ஒருவர் இடறாமல் குறித்த நேரத்துக்குள் நடந்து முடிக்கிறார் என்று பார்த்தனர். ஓராண்டு கழித்து, சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் மிகக் குறைந்த 1 லக்ஸ் ஒளியிலும் நடந்தனர். ஒப்பீட்டுப் பிரிவில் ஒருவரும் அதனை எட்டவில்லை.

இருளில் சுவரைத் தடவி நடந்த குழந்தை தானே நடப்பது என்பது அக்குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றும் செய்தி. ஆனால் அதே சோதனையில், எழுத்துகளைப் படிக்கும் கூர்மையில் இரு பிரிவுகளுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடு காணப்பெறவில்லை. இதைச் செய்தித்தாள்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ‘குருடர்கள் பார்வை பெற்றனர்’ என்னும் தலைப்பு எழுதுவோருக்கு எளிது; அதை நம்பி வரும் பெற்றோரிடம் விளக்கம் கூற வேண்டியவர் மருத்துவர்.

பயன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. 2015-இல் வெளியான இரு ஆய்வுகளில், இலண்டனிலும் அமெரிக்காவின் மற்றொரு குழுவிலும் சிகிச்சை பெற்றோருக்கு முதல் சில ஆண்டுகள் முன்னேற்றம் தோன்றிப் பின்னர் அது குறைந்தது தெரிவிக்கப்பெற்றது. ஃபிலடெல்ஃபியா குழு தன் நோயாளிகளிடம் பயன் நீடிப்பதாகக் கூறுகிறது. மூன்று குழுக்களின் கடத்திகளும் ஒரே அமைப்பில் இல்லாததால் ஒப்பீடு கடினம். ஏற்கெனவே அழியத் தொடங்கிவிட்ட செல்களைப் புதிய மரபணு முழுமையாகக் காப்பதில்லை என்பதே கிடைத்துள்ள சான்றுகள் சுட்டும் முடிவு. மேலும், சிகிச்சை பெற்ற கண்களில் சிலவற்றில் விழித்திரையும் அதன் அடிப்படலமும் நைந்துபோகும் இடங்கள் படிப்படியாக விரிவதாக 2022-இல் அறிக்கை ஒன்று வெளியாயிற்று.

கொள்ளளவு என்னும் தடை

இயற்கை வைரஸ் 4,700 எழுத்துகளைச் சுமக்கிறது என்றோம். கடத்தியின் கொள்ளளவும் அதுவே. ஆர்.பி.ஈ.65 புரதம் 533 அமினோ அமிலங்கள் கொண்டது. அதற்கு வேண்டிய குறிப்பு ஏறத்தாழ 1,600 எழுத்துகளே. எனவே இயக்கும் பகுதிகளோடு சேர்த்தும் அது எளிதாக அடங்குகிறது. ஆனால் இளம்பருவத்தில் மையப்பார்வையைப் பறிக்கும் ஸ்டார்கார்ட் நோயின் மரபணுவுக்கு சுமார் 6,800 எழுத்துகள் வேண்டும். செவியையும் கண்ணையும் ஒருங்கே பாதிக்கும் அஷர் நோயின் ஒரு வகைக்கு 15,000-க்கும் மேல் வேண்டும். இவை ஒரே கடத்தியில் அடங்கா. மரபணுவை இரு பாதிகளாகப் பிரித்து இரண்டு கடத்திகளில் அனுப்பிச் செல்லுக்குள் ஒட்டவைக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

இத்தடையைச் சுற்றிச் செல்லும் மற்றொரு வழி, முழு மரபணுவை அனுப்பாமல், இருக்கும் மரபணுவிலேயே பிழையைத் திருத்தும் கருவியை அனுப்புவது. சி.ஈ.பி.290 என்னும் நீண்ட மரபணுவின் பழுதுக்கு இம்முறை மனிதரிடம் சோதிக்கப்பெற்று, 14 பேரிடம் கண்ட முடிவுகள் 2024-இல் வெளியாயின. அவர்களுள் 11 பேருக்கு ஏதேனும் ஓர் அளவையில் முன்னேற்றம் காணப்பெற்றது. ஒளியுணர் செல்கள் முற்றிலும் அழிந்தவர்களுக்கு வேறு வழி தேடப்படுகிறது. எஞ்சியிருக்கும் நரம்புச் செல்களுக்கே ஒளியுணரும் புரதமொன்றின் மரபணுவை ஏ.ஏ.வி. வாயிலாக அளித்து, தனி வகைக் கண்ணாடியின் துணையோடு 58 வயதான ஒருவர் மேசை மேலிருந்த பொருள்களை இனங்காண முடிந்தது என்று 2021-இல் அறிவிக்கப்பெற்றது. இவை தொடக்க நிலையிலுள்ளவை. மறுபுறம், கோராய்டெரீமியா என்னும் நோய்க்கான மரபணு சிகிச்சை, முந்தைய கட்டங்களில் நம்பிக்கை அளித்தும், மூன்றாம் கட்டத்தில் தன் முதன்மைக் குறிக்கோளை எட்டவில்லை என்று அதே 2021-இல் தெரிவிக்கப்பெற்றது. ஒரு நோயில் பெற்ற வெற்றியை அடுத்த நோய்க்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

நம் நாட்டின் நிலை

பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் 270-க்கும் மேற்பட்டவை. ஆர்.பி.ஈ.65 அவற்றுள் ஒன்று. விழித்திரை நிறமி நோய் உலகளவில் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒருவரைத் தாக்குவதாகக் கணக்கிடப்பெற்றுள்ளது. தென்னிந்தியாவில் நடத்தப்பெற்ற மக்கள் ஆய்வுகள் இதனினும் மிகுதியான விகிதத்தையே காட்டின. உறவுக்குள் மணம் புரியும் வழக்கம் உள்ள பகுதிகளில், இருபுறமும் ஒரே பழுதைப் பெறும் வாய்ப்பு மிகுதி என்பதனை இங்கு நினைத்தல் தகும்.

அமெரிக்காவில் இரு கண்களுக்கும் சேர்த்து லக்ஸ்டர்னாவுக்கு அறிவிக்கப்பெற்ற விலை 8,50,000 டாலர். அந்நாளைய மாற்று விகிதத்தில் இது சுமார் 5 கோடியே 40 லட்சம் ரூபாய். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வெளியிடப்பெற்றது. அதன் பட்டியலிலுள்ள நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு வழங்கும் உதவி 2022-இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பெற்றது. இரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை.

இதை வைத்து ஓர் எதிர்வாதம் எழுவது இயல்பே. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையின்மையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் காரணம் கண்புரை. அதைச் சில ஆயிரம் ரூபாயில் நீக்கலாம். அவ்வாறிருக்க, சிலருக்காக இத்தனை பொருளைச் செலவிடுவது நியாயமா என்பது அவ்வாதம். கண்புரைச் சிகிச்சையிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எடுக்கலாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்புரை வருபவர் பெரும்பாலும் வாழ்வின் பிற்பகுதியில் இருப்பவர். பிறவிப் பார்வையின்மையோ ஒரு குழந்தையின் கல்வி, தொழில், திருமணம் ஆகிய அனைத்தையும் அறுபது எழுபது ஆண்டுகளுக்குத் தொடர்கிறது. மேலும் இத்துறையில் முதலில் வேண்டுவது கோடிக்கணக்கான விலையுள்ள மருந்தன்று. நோய்க்குக் காரணமான மரபணு எது என்று கண்டறியும் பரிசோதனை. மரபணு தெரியாத நோயாளிக்கு, உலகின் எந்த நாட்டில் எந்த மருந்து வந்தாலும் பயனில்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை இந்தியக் குடும்பங்களில் இப்பழுதுகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. 10,000 இந்தியர்களின் முழு மரபுத்தொகுதியைப் படித்தறியும் ஜீனோம் இந்தியா திட்டம் 2024-இல் அப்பணியை முடித்தது. அதன் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பெற்றன. ஒருவரிடம் காணப்படும் மாற்றம் நோய்க்குக் காரணமா, அல்லது நம் மக்களிடையே இயல்பாக உள்ள வேறுபாடா என்று தீர்மானிக்க இத்தகைய தரவு இன்றியமையாதது.

கடத்தியை நாமே ஆக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், கண்ணின் பரம்பரை நோய்களுக்கான ஏ.ஏ.வி. தொழில்நுட்பமொன்றை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸ் நிறுவனத்துக்கு உரிமம் அளித்தது 2022-இல் அறிவிக்கப்பெற்றது. கண் சாராத துறைகளில் இரண்டு முன்மாதிரிகள் நமக்கு உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு லென்டி வைரஸ் கடத்தி கொண்டு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய இரத்தப் புற்றுநோய்க்கான செல் சிகிச்சை 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. அதன் விலை அமெரிக்காவிலுள்ள ஒத்த சிகிச்சையின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதிலும் மரபணுவைச் சுமப்பது ஒரு வைரஸே. ஆகவே நம் நாட்டில் விலை குறைவது வெறும் கற்பனையன்று.

நெறிமுறைகளும் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மரபணு சிகிச்சைப் பொருள்களின் உருவாக்கத்துக்கும் சோதனைக்குமான தேசிய வழிகாட்டு நெறிகளை 2019-இல் வெளியிட்டது. எனினும், பார்வை இழந்துவரும் ஒருவரின் அவசரத்தைக் காசாக்கும் இடங்கள் இல்லாமலில்லை. மெய்ப்பிக்கப்பெறாத தண்டு செல் ஊசிகளை விழித்திரை நோய்க்குப் போடுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குவது நெறிமுறைகளுக்கு முரணானது. முறையான மருத்துவச் சோதனையில் பங்கு பெறுவோரிடம் சோதனைப் பொருளுக்காகப் பணம் கேட்கமாட்டார்கள். அச்சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம்.

மாவட்ட மருத்துவமனை அளவில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வைட்டமின் ஏ முறையாகக் கொடுத்தும் மாலைக்கண் மாறாத குழந்தை, விழிகள் ஓயாது அலைபாயும் குழந்தை, கண்ணை விரலால் அழுத்திக்கொண்டேயிருக்கும் குழந்தை ஆகியோரை விழித்திரை மருத்துவரிடம் அனுப்பிவைத்தல் வேண்டும். மரபணுப் பரிசோதனை அறிக்கை கிடைத்தால், அதன் படியைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருக்கச் சொல்ல வேண்டும். இன்று மருந்தில்லாத மரபணுவுக்கு ஐந்தாண்டுகளில் சோதனை தொடங்கப்பெறலாம். சோதனையொன்றில் சேருமுன் இன்னொன்றையும் தெளிவுபடுத்துதல் நன்று. ஒரு முறை மரபணு சிகிச்சை பெற்றவரைப் பின்னர் வரும் சோதனைகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. உடல் அந்த வைரஸ் உறையை நினைவில் வைத்திருக்கும் என்பதும், முந்தைய மருந்தின் விளைவையும் புதியதன் விளைவையும் பிரித்தறிய இயலாது என்பதும் அதற்குக் காரணங்கள். எனவே எந்தச் சோதனை, எந்தக் கண், எந்த வயது என்னும் முடிவைப் பெற்றோர் அவசரப்படாமலும், செல்கள் அழிவதற்கு முன்பும் எடுத்தாக வேண்டியுள்ளது. அவ்வேளையில் அவர்களுக்கு எடுத்துரைக்கத்தக்க மரபணு ஆலோசகர்கள் நம் மருத்துவக் கல்லூரிகளில் இன்னும் மிகச் சிலரே.